உதைப்பு மிகுந்த றைபிளில் ஸ்கோப் நிலைகுலைந்தால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு பெரிய றைபிளின் ஸ்கோப்பை, அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியை, பற்றி எழுதுவதற்கு ஒரு விளக்கம் தேவைப்படும். இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் இன்றி எவரும் துவக்கு வைத்திருக்க முடியாது. பயிர்க்காவலுக்கென அனுமதி பெற்ற கமக்காரர்களிடம் இருப்பதும் பெரும்பாலும் சொட்கன்தான், அதற்கு ஸ்கோப் வேண்டியதில்லை. ஆனால் எங்களூர்ப் பிள்ளைகள் பலர் கனடாவில் மூஸ் மான் வேட்டைக்கும், அவுஸ்திரேலியாவின் விக்ரோறியா மாநிலத்தில் மரை வேட்டைக்கும் உரிய அனுமதியுடன் போகிறார்கள். விக்ரோறியாவில் மரைக்கு .270 அங்குலத்துக்குக் குறைந்த விட்டமுடைய சன்னத்தைப் பயன்படுத்தச் சட்டம் இடமளிப்பதில்லை என்பதால், கையில் எடுப்பதே சற்று உதைக்கும் துவக்காகத்தான் இருக்கும். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நிற்கும் நாட்களில் இவர்கள் கேட்கும் கேள்விகள், நில அளவைக் கருவிகளும் தொலைநோக்கிகளும் திருத்தும் மேசையில் இருக்கும் எனக்குப் பழகிப்போனவை. வில்லை பொருத்திய எந்தக் கருவியையும் அதிர்வில் அசையாமல் நிறுத்துவதற்கான விதிகள் ஒன்றுதான். றைபிளில் அதிர்வு பெரிது, அவ்வளவே.

எந்த அறிகுறியானாலும் முதலில் துவக்கின் வெடியறையையும் ரவைக்கூட்டையும் கண்ணாலும் விரலாலும் பார்த்து, வெறுமை என்று உறுதி செய்து, வெடியறையை மூடும் போல்ற்றைக் கழற்றி வேறோர் இடத்தில் வைத்த பின்னரே கருவிகளை எடுக்க வேண்டும்.

உதைப்பு ஸ்கோப்பை என்ன செய்கிறது

1912இல் வந்த .375 ஹொலண்ட் அன்ட் ஹொலண்ட் மக்னம் என்ற ரவை வகையை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய 4 கிலோகிராம் நிறையுள்ள றைபிளில் அது தரும் பின்னுதைப்புச் சக்தி 50 யூலை ஒட்டியிருக்கும், சாதாரண .30-06 துவக்கில் இது 27 யூல் அளவு, 1956இன் .458 வின்செஸ்ரர் மக்னத்தில் 80 யூல் அளவு. தோள் உணர்வது இந்தச் சக்தியை. ஸ்கோப் உணர்வது வேறொன்றை. சன்னம் குழலுக்குள் இருக்கும் ஏறக்குறைய ஒன்றரை மில்லிசெக்கனில் துவக்கு ஓய்விலிருந்து செக்கனுக்கு 4 மீற்றர் என்ற வேகத்தை எட்டுகிறது. கணக்குப் போட்டால் சராசரியாகப் புவியீர்ப்பின் 250 மடங்குக்கும் மேற்பட்ட ஆர்முடுகல் வரும். அரைக் கிலோ ஸ்கோப் ஒன்று அந்தக் கணத்தில் 125 கிலோ பாரத்தின் இழுப்பை வளையங்களின் மேல் சுமத்துகிறது. 300 கிராம் ஸ்கோப் என்றால் அது 75 கிலோ. உச்சக் கணத்தில் இரண்டுமே இதைவிடக் கூடும்.

இழுப்பின் திசையையும் தெளிவாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். துவக்கு பின்னே பாய, ஸ்கோப் தன் சடத்துவத்தால் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது; ஆகவே துவக்கைப் பொறுத்தவரை ஸ்கோப் குழல்வாய்ப் பக்கமாக, முன்னோக்கி வழுகும். பின்னால் சொல்லப்போகும் பல தீர்வுகள் இந்த ஒரு விடயத்திலிருந்தே வருகின்றன.

அறிகுறி: சூட்டுக்குழு அலைகிறது, திருத்திய குறி நிற்பதில்லை

ஒரே குறிக்குச் சுட்ட சூடுகள் குறித்தாளில் விழும் கூட்டமே சூட்டுக்குழு. அது அலைவதே அதிகம் கேட்கப்படும் முறைப்பாடு, அதிகம் பணம் வீணாகும் இடமும் இதுதான். மெல்பேர்ணில் இருக்கும் மருமகன் ஒருவர் தொலைபேசியில், “மாமா, இந்த ஸ்கோப் சரியில்லை, வேறை வாங்கட்டோ?” என்று கேட்டார். “பொறு தம்பி, பிடங்கு ஆணியை இறுக்கிப் பாத்தனியோ?” என்றேன். மறுமுனையில் பேச்சில்லை. ஸ்கோப் இருப்பது அடுக்கின் உச்சியில். அதற்குக் கீழே வளையம், வளையத்துக்குக் கீழே அடித்தட்டு, அதற்குக் கீழே துவக்கின் உடல், உடலுக்குக் கீழே, தோளில் பதியும் பிடங்கு. எந்த அடுக்கு அசைந்தாலும் குறித்தாளில் தெரிவது ஒரே அலைச்சல்தான். ஆகவே கீழிருந்து மேலே போக வேண்டும். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும்.

அசையும் அடுக்கைக் கண்டுபிடிக்க விலை கூடிய கருவி தேவையில்லை. வீட்டில் இருக்கும் கியூட்டெக்ஸ் போத்தல் போதும்; வெளிர் நிறமாக இருந்தால் கறுப்பு உலோகத்தில் நன்றாகத் தெரியும். தூரிகையைப் போத்தலின் வாயில் துடைத்து, முடியளவு மெல்லிய கோடுகளாக நான்கு இடங்களில் இழுக்கவும்: பிடங்கு ஆணியின் தலையிலிருந்து அதைச் சுற்றியுள்ள உலோகத்துக்கு, அடித்தட்டின் விளிம்பிலிருந்து துவக்கின் உடலுக்கு, வளையத்தின் காலிலிருந்து அடித்தட்டுக்கு, வளையத்தின் முன்விளிம்பிலிருந்து ஸ்கோப்பின் குழாய்க்கு. நன்றாகக் காய விட்டு ஐந்து சூடுகள் சுட்ட பின்னர் உருப்பெருக்குக் கண்ணாடியால் பார்க்கவும். காய்ந்த கியூட்டெக்ஸ் நொறுங்கும் தன்மையுடையது. பத்தில் ஒரு மில்லிமீற்றர் அசைவுக்கே கோட்டின் குறுக்கே மயிர்வெடிப்பு ஓடிவிடும், சில வேளை ஒரு பக்கம் செதிலாக எழும்பி நிற்கும். எந்தக் கோடு வெடித்ததோ அந்த அடுக்கே குற்றவாளி. நான்கு கோடுகளும் முழுதாக இருந்து குழு இன்னும் அலைந்தால் மட்டுமே ஸ்கோப்பின் உள்ளுறுப்பைச் சந்தேகிக்கலாம்.

பிடங்கு ஆணியின் கோடு வெடித்திருந்தால், மரப் பிடங்காயின் ஈரப்பத மாற்றத்தில் மரம் சுருங்கியிருக்கக்கூடும். ஆணியை இறுக்கினால் மட்டும் போதாது. பிடங்குக்குள் உதைப்பைத் தாங்கும் உலோகப் பல் மரத்தில் முழுப்பரப்பாக அமர்ந்திருக்கிறதா என்று கழற்றிப் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் எபொக்சிப் படுக்கை இடுவது பெரிய கலிபர்களில் ஆடம்பரம் அல்ல, அடிப்படைத் தேவை.

அடித்தட்டின் கோடு வெடித்திருந்தால் அடுத்த அறிகுறிக்குப் போகவும், அங்கே அதை விரிவாகச் சொல்கிறேன்.

வளையக் காலின் கோடு வெடித்திருந்தால், பொருத்திய விதத்தில் பிழை. பிக்கற்றினி வகை அடித்தட்டில் 10.01 மில்லிமீற்றர் இடைவெளியில் 5.23 மில்லிமீற்றர் அகலமான குறுக்குக் காடிகள் இருக்கும். வளையத்தின் குறுக்காணி அதைவிடச் சற்றே மெலிது, எனவே காடிக்குள் முன்பின்னாக ஆட இடம் உண்டு. பொருத்தும்போது வளையத்தை முன்னோக்கித் தள்ளி, குறுக்காணி காடியின் முன்சுவரைத் தொட்டபடி இருக்கையில் இறுக்க வேண்டும். அப்படிச் செய்தால் முதல் சூட்டிலேயே வளையம் போய் மோத இடமில்லை. வீவர் வகைக் காடிகள் 4.57 மில்லிமீற்றர் மட்டுமே என்பதால், பிக்கற்றினிக்கென்று செய்த தடித்த குறுக்காணி அதில் இறங்காது; இறங்கியதாக நினைத்து இறுக்கிய வளையங்கள் மேலே தொங்கிக்கொண்டிருப்பதை நான் புகைப்படங்களில் பல தடவை கண்டிருக்கிறேன். உருக்கினாலான குறுக்குச் சுரைகளுக்கு 65 அங்குல-இறாத்தல், அதாவது 7.3 நியூட்டன் மீற்றர் வரையான முறுக்கம் தரலாம் என்று பல தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். அலுமினியத்துக்கு இது அளவுக்கு மிஞ்சியது. பெட்டிக்குள் வரும் தாளில் உள்ள எண்ணே இறுதியானது.

பழைய பாணியில், முன்வளையத்தைத் திருப்பி அடித்தட்டுக்குள் பூட்டி, பின்வளையத்தை இரு பக்கத் திருகாணிகளால் பிடிக்கும் அமைப்பும் உண்டு. உதைப்பு முழுவதும் முன்வளையத்தின் ஒரு பூட்டில் விழுவதால், .375க்கு மேல் இதை நான் விதந்துரைக்க மாட்டேன். இரண்டு வளையங்களுமே பூட்டும் அமைப்பு, அல்லது றூகர் எம் 77, சீஸெட் 550 போன்றவற்றில் துவக்கின் உடலிலேயே வெட்டப்பட்ட இருக்கை, இதைவிட நூறு மடங்கு நம்பத்தக்கது. திருப்பிப் பூட்டும் வளையத்தை எக்காரணம் கொண்டும் ஸ்கோப்பின் குழாயையே கைபிடியாக்கித் திருப்பக் கூடாது. அதே விட்டமுடைய ஒரு மர உருளையால் திருப்ப வேண்டும்.

கோடுகள் எல்லாம் முழுதாக இருந்து, வேறொரு நம்பகமான ஸ்கோப்பை மாற்றிப் போட்டபோதும் குழு அலைந்தால், சுடுபவரைச் சோதிக்க வேண்டும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பெரிய துவக்குக்கு உடல் கூசுவது வெட்கப்பட வேண்டிய விடயம் அல்ல, ஆனால் அறியாமல் இருக்கக் கூடாது. நண்பர் ஒருவர் உங்களுக்குத் தெரியாமல் சில வேளை ரவையும் சில வேளை வெடிக்காத போலி ரவையும் இட்டுத் தரட்டும். போலியில் விசை விழும்போது குழல்வாய் சரிந்தால் விடை கிடைத்துவிட்டது.

அறிகுறி: அடித்தட்டு அசைகிறது, திருகாணி தளர்கிறது அல்லது முறிகிறது

அநேக வேட்டை றைபிள்களில் அடித்தட்டைப் பிடிப்பது 6-48 என்ற அளவுத் திருகாணிகள்: 3.5 மில்லிமீற்றர் விட்டம், அங்குலத்துக்கு 48 புரிகள். தீக்குச்சி அளவான இந்த நான்கு ஆணிகளிடம் மேலே சொன்ன நூறு கிலோ இழுப்பை எதிர்பார்க்கிறோம். உண்மையில் ஆணிகள் அந்த வெட்டுவிசையைத் தாங்க வேண்டியதே இல்லை. அவை அடித்தட்டை அழுத்திப் பிடிக்க, அழுத்தத்தால் வரும் உராய்வே தாங்க வேண்டும். அழுத்தம் குறைந்த கணத்தில் தட்டு வழுகி ஆணியின் கழுத்தில் மோதுகிறது. ஒவ்வொரு சூட்டிலும் மோதினால் ஒருநாள் தலை துண்டாகிக் கையோடு வரும்.

அழுத்தம் குறைவதற்கு எளிதில் கண்ணுக்குப் படாத காரணம் ஒன்று உண்டு. முன் அடித்தட்டின் முன்னாணி இறங்கும் துளை பல துவக்குகளில் குழலின் புரிகளுக்கு மேலே முடிந்துவிடும். ஆணி சற்று நீளமாக இருந்தால் நுனி அடியில் முட்டி நிற்கும். கைக்கு இறுகியது போலவே இருக்கும், ஆனால் தட்டின் மேல் அழுத்தம் இராது. ஆணியின் நுனியில் மார்க்கர் மை பூசி, இறக்கி, கழற்றிப் பாருங்கள். நுனியில் மை தேய்ந்து பளபளப்பான புள்ளி தெரிந்தால் அது முட்டுகிறது. ஒரு புரியளவு அராவிக் குறைக்க வேண்டும்.

பின்னர் எல்லா ஆணிகளையும் துளைகளையும் அசற்றோனால் எண்ணெய் போகக் கழுவவும். கியூட்டெக்ஸ் அகற்றும் திரவங்களில் சில எண்ணெய் கலந்தவை, அவற்றைத் தவிர்க்கவும். அடித்தட்டை ஆணியின்றி வைத்து, நான்கு மூலைகளிலும் மாறிமாறி விரலால் அழுத்திப் பாருங்கள். தட்டு இடறினால் துவக்கின் உடலில் அது முழுதாக அமரவில்லை என்று பொருள். மெல்லிய எபொக்சிப் படலம் இட்டு, உடல் பக்கத்துக்கு ஒட்டாமற் காக்கும் மெழுகு பூசி, அமர்த்திக் காயவிட வேண்டும். இறுக்கும்போது 6-48க்கு 20 முதல் 25 அங்குல-இறாத்தல், அதாவது 2.3 முதல் 2.8 நியூட்டன் மீற்றர். லொக்ரைற் 243 போன்ற நீல நிறப் பூட்டுத் திரவம் ஒரு துளியில் பாதி போதும், அதுவும் இந்த ஆணிகளுக்கு மட்டும். சிவப்பு வேண்டாம், கழற்றுவதற்குச் சூடாக்க வேண்டிவரும். திரவம் ஈரமாக இருக்கையில் புரிகளை வழுக்க வைக்கும் என்பதால், அதே முறுக்கத்தில் இறுக்கம் சற்றுக் கூடும். ஆகவே வரம்பின் கீழெல்லையில் நிறுத்தவும்.

.416, .458 போன்றவற்றுக்கு இதெல்லாம் செய்தும் ஆணி முறிந்தால், துளைகளை 8-40 அளவுக்குப் பெரிதாக்குவது வழக்கமான திருத்தம். 4.2 மில்லிமீற்றர் விட்டமுள்ள அந்த ஆணி ஏறக்குறைய ஒன்றரை மடங்கு குறுக்குவெட்டைத் தரும். இதைத் துவக்குத் திருத்துநர் ஒருவரே செய்ய வேண்டும். கடினப்படுத்திய உருக்கில் வீட்டுத் துளைகருவியால் முயல்வது துவக்கையே கெடுத்துவிடும்.

அறிகுறி: ஸ்கோப் பொருத்திய பின் போல்ற் இறுகுகிறது

பெரும்பாலும் முன் அடித்தட்டின் பின்னாணிதான். அதன் துளை உள்ளே திறந்திருக்கும். நீளமான ஆணியின் நுனி போல்ற்றின் தாழ் ஓடும் பாதைக்குள் எட்டிப்பார்க்கும். அந்த ஆணியை மட்டும் கழற்றிப் போல்ற்றை மூடுங்கள், வழுக்கிச் சென்றால் காரணம் அதுவே. குறைத்துப் போடவும்.

அறிகுறி: ஸ்கோப் வளையத்துக்குள் முன்னே வழுகுகிறது

குழாயில் வளையத்தின் முன்னால் மெல்லிய பிறை வடிவில் பளபளப்புத் தெரியும். அதன் அகலமே வழுகிய தூரம். சில வேளைகளில் குறியைத் திருத்தும் திருப்புக் குமிழ்களின் தடித்த நடுப்பகுதி வளையத்தை முட்டி நின்றிருக்கும், அந்த நிலையில் சுட்டுக்கொண்டே இருந்தால் குழாய் நெளியும்.

இங்கே எல்லோருடைய கையும் ஆணியை மேலும் இறுக்கத்தான் போகும். அதைத்தான் கடைசியாகச் செய்ய வேண்டும். வளைய மூடிகளின் ஆணிகளுக்கு 15 முதல் 18 அங்குல-இறாத்தல், 1.7 முதல் 2.0 நியூட்டன் மீற்றர், என்பதே பல தயாரிப்பாளர்கள் தரும் எல்லை. அதற்கு மேல் போனால் குழாய் நசுங்கி, உள்ளே குறுக்குக் கம்பியைத் தாங்கும் சிறு குழாய் சுதந்திரமாக ஆட முடியாமல் போகும். வழுகல் நிற்கும், ஆனால் வேறொரு நோய் தொடங்கும். எல் வடிவ அலன் சாவியை நீளப் பக்கத்தால் பிடித்துத் திருப்பும் ஒருவரால் இந்த எல்லையின் இரண்டு மடங்கை உணராமலே தாண்ட முடியும். முறுக்கம் காட்டும் ஸ்குரூ டிரைவர் ஒன்றை ஸ்கோப் வாங்கும் அன்றே வாங்கிவிடுவது நல்லது. இந்தக் கட்டுரையில் பணம் செலவழிக்கச் சொல்லும் இடங்கள் குறைவு, இது அதில் ஒன்று.

ஆகவே முறை இதுதான். வளையங்களைத் திறந்து, உட்பரப்பையும் குழாயையும் அசற்றோன் தோய்த்த துணியால் துடைக்கவும். புது வளையங்களில் பூசிவரும் காப்பெண்ணெயே பாதி வழுகலுக்குக் காரணம். பின்னர் இரு வளையங்களும் ஒரே நேர்கோட்டில் உள்ளனவா என்று பார்க்கவும். கூர்முனை கொண்ட இரண்டு உருக்குத் தண்டுகளை வளையத்துக்கொன்றாக வைத்து முனையோடு முனை சந்திக்கிறதா என்று பார்ப்பது ஒரு வழி. ஆனால் தண்டு சரிந்திருப்பதை முனை மட்டும் பார்த்துக் கண்டுகொள்ள முடியாது என்பதால், நேரான உருளை ஒன்றில் நீலச் சாயம் பூசிக் கீழ் வளையங்களில் உருட்டிப் பார்ப்பதை நான் விரும்புவேன். சாயம் பரவலாக ஒட்டினால் தொடுகை நன்று. ஓரங்களில் மட்டும் ஒட்டினால் தேய்பசையிட்டு உருளையால் உட்பரப்பைத் தேய்த்துச் சமன் செய்யலாம், முக்கால் பங்கு தொடுகை கிடைத்தவுடன் நிறுத்தலாம்.

மூடிகளை வைக்கையில் இரு பக்கத்து இடைவெளியும் ஒன்றுபோல் இருக்க, ஆணிகளைக் குறுக்குமறுக்காகக் கால் சுற்றுக் கால் சுற்றாக இறுக்கவும். இதற்கும் வழுகினால் றொசின். வயலின் வில்லுக்குப் பூசும் அந்தக் கட்டியையே பழைய துவக்குத் திருத்துநர்கள் இடித்துத் தூளாக்கி, வளையத்தின் கீழ்ப்பாதியில் மெல்லத் தூவி ஸ்கோப்பை அமர்த்துவார்கள். வாத்தியக் கடையில் கிடைக்கும். மதுசாரத்தால் துடைத்தால் தடமின்றிப் போய்விடும். ஆணிகளுக்குப் பூட்டுத் திரவம் இங்கே வேண்டாம்.

இவ்வளவும் செய்து வழுகும் ஸ்கோப் அந்தத் துவக்குக்குப் பாரம் கூடியது. 50, 56 மில்லிமீற்றர் பொருளி (முன்பக்க வில்லை) உள்ள ஸ்கோப்புகள் பல 600 கிராமைத் தாண்டும். அவை நெற்கதிர் போல அடிமெலிந்து தலைகனத்து நிற்கும். முன்வளையத்துக்கு அப்பால் தொங்கும் அந்தத் தலையின் துள்ளல் இழுப்பை மேலும் கூட்டும். உதைப்புக் கூடிய துவக்குகள் சுடப்படும் தூரத்துக்கு அவ்வளவு பெரிய பொருளியால் பயனும் இல்லை. லூபோல்ட் நிறுவனத்தின் பழைய 1.5-5×20 ஸ்கோப் 300 கிராமுக்கும் குறைவு, முன்பக்கம் நேர்க்குழாய் என்பதால் தாழ்வாக அமரும், வளையங்களை விரும்பிய தூரத்துக்கு விலக்கி வைக்கலாம். 1-4, 1-6 மடங்கு உருப்பெருக்க ஸ்கோப்புகளும் இந்த வேலைக்கே செய்தவை போன்றவை. மூஸ் மானைக் காட்டோரத்தில் 80 மீற்றரில் சுடுகிறவருக்கு 4 மடங்கு தாராளம். 20 மடங்கு உருப்பெருக்கத்தை வாங்கி .338இல் பொருத்துகிறவர்கள், பார்ப்பதற்கு வாங்குகிறார்கள், சுடுவதற்கு அல்ல என்பது என் எண்ணம்.

அறிகுறி: ஸ்கோப் புருவத்தை வெட்டுகிறது

புருவத்தில் பிறைத் தழும்பு விழுந்தவர்கள் இதைச் சிரித்துக்கொண்டு சொல்வார்கள், சிரிக்கும் விடயமல்ல. காரணம் கண் விலகல் தூரம், அதாவது முழு வட்டப் படமும் தெரியும் நிலையில் கண்ணுக்கும் பார்வைத்துண்டுக்கும் இடையிலான தூரம். .375க்கும் அதற்கு மேலும் இது 95 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். வாங்கும்போது இரண்டு உருப்பெருக்க எல்லைகளிலும் இந்த எண்ணைப் பார்க்கவும். குறைந்த எல்லையில் 100 மில்லிமீற்றர் தரும் சில ஸ்கோப்புகள் உயர்ந்த எல்லையில் 85க்குச் சுருங்கும்.

பொருத்தும்போது வளைய மூடிகளைத் தளர்வாக விட்டு, ஸ்கோப்பை உச்ச உருப்பெருக்கத்தில் வைத்து, இயன்ற அளவு முன்னே தள்ளிவிடவும். கண்ணை மூடிக்கொண்டு துவக்கைத் தோளில் ஏற்றி, கன்னத்தை இயல்பாகப் பதித்து, பின்னர் கண்ணைத் திறக்கவும். கறுப்பு வளையம் சூழ்ந்தால் ஸ்கோப்பைச் சிறிது சிறிதாகப் பின்னே இழுத்து, படம் நிறைந்த கணத்திலேயே நிறுத்தவும்; “இன்னும் கொஞ்சம் வசதியாக” என்று இழுக்கும் அந்தக் கொஞ்சம்தான் புருவத்தில் விழுவது. இந்தச் சோதனையை வேட்டைக்கு அணியும் உடுப்போடு செய்வது அவசியம். ஒன்ராறியோவின் நவம்பர்க் குளிரில் போடும் தடித்த ஜக்கற் தோளுக்கும் பிடங்குக்கும் இடையே புகுந்து தலையைப் பின்னே தள்ளும். அதற்கேற்பப் பொருத்திய ஸ்கோப், கோடையில் மெல்லிய சட்டையோடு சுடுதளத்தில் சுடும்போது கண்ணருகே வந்து நிற்கும். குப்புறப் படுத்துச் சுடுகையிலும், மேட்டை நோக்கிச் சுடுகையிலும் தலை முன்னே நகரும். நின்று, இருந்து, படுத்து என மூன்று நிலைகளிலும் பார்த்து, மிகக் கிட்ட வரும் நிலைக்குப் பாதுகாப்பாக அமைக்கவும். மற்ற நிலைகளில் படத்தின் ஓரம் சற்றுக் கறுத்தாலும் பரவாயில்லை.

தூரம் சரியாக இருந்தும் அடி விழுந்தால் வளையத்தின் உயரத்தைப் பாருங்கள். உயரமான வளையத்தில் கன்னம் பிடங்கைத் தொடாமல் தாடையே தொடும். உதைக்கையில் தலைக்கும் துவக்குக்கும் பிணைப்பில்லாமல் போகும். தாழ்ந்த வளையம் போடவும், முடியாவிட்டால் பிடங்கின் மேல் கன்னத்திண்டு கட்டவும். பொருளி குழலைத் தொடாமல் இருக்க ஒரு கடதாசி தாராளமாக ஓடும் இடைவெளி இருந்தால் போதும். தாழ்த்தியதால் போல்ற் கைபிடி பார்வைத்துண்டில் இடித்தாலோ, வெற்றுக் கோது பக்கக் குமிழில் பட்டு உள்ளே திரும்பி விழுந்தாலோ, ஒரு படி உயர்த்த வேண்டியதுதான். பெரிய கோதுகளை வீசும் மவுசர் வகைத் துவக்குகளில் இந்த இரண்டாவது தொல்லையைச் சுடுதளத்துக்குப் போகுமுன்னரே போலி ரவைகளால் சோதித்துவிடலாம்.

அறிகுறி: குமிழைத் திருப்பியும் குறி நகரவில்லை, அடுத்த சூட்டில் ஒரேயடியாகத் தாவுகிறது

ஸ்கோப்பின் உள்ளே குறுக்குக் கம்பியைத் தாங்கும் சிறு குழாயை ஒரு பக்கம் குமிழின் ஆணியும் எதிர்ப்பக்கம் ஒரு வில்லும் பிடித்திருக்கின்றன. வில் தளர்ந்தாலோ, வளையம் குழாயை நசுக்கியிருந்தாலோ, சிறு குழாய் ஆணியைப் பின்தொடராமல் சிக்கி நின்று, உதைப்பு விழும்போதுதான் விடுபடும். முதலில் வளைய மூடிகளைத் தளர்த்தி உரிய முறுக்கத்தில் திரும்ப இறுக்கவும். நசுக்கலாயின் இதிலேயே தெளியும்.

அடுத்து, திருப்பு எல்லையின் ஓரத்தில் நிற்கிறீர்களா என்று பார்க்கவும். ஓரத்தில் வில்லின் பிடி சமனாக இராது, கனமான உதைப்பில் அங்கேதான் குறி முதலில் பிசகும். நடுநிலையை அறிய, உருப்பெருக்கத்தைக் குறைத்துப் பொருளியின் விளிம்பைக் கண்ணாடி ஒன்றில் தட்டையாக வைத்துப் பார்வைத்துண்டு வழியே பாருங்கள். குறுக்குக் கம்பியும் அதன் பிரதிபலிப்பும் ஒன்றின் மேல் ஒன்று விழும்வரை குமிழ்களைத் திருப்பினால் ஸ்கோப் நடுவில் நிற்கும். நடுவில் வைத்துப் பொருத்திச் சுடும்போது குறி வெகுதூரம் விலகினால், பிழை துவக்கின் துளைகளிலோ அடித்தட்டிலோ இருக்கிறது. 120 மில்லிமீற்றர் இடைவெளியில் அமைந்த இரு தட்டுகளில் ஒன்றின் கீழ் 0.1 மில்லிமீற்றர் தகடு வைத்தால் 100 மீற்றரில் குறி 8 சென்ரிமீற்றரளவு உயரும் அல்லது இறங்கும். பக்கவாட்டு விலகலுக்குத் தகடு உதவாது. மையம் விலகிய செருகுகளுடன் வரும் பரிஸ் சிக்னேச்சர் வளையங்கள் போன்றவை குழாயை வளைக்காமலே இதைத் திருத்தும்.

இவ்வளவுக்குப் பிறகும் தாவினால் தூக்குக்குண்டு கட்டி நிறுத்திய உயரமான குறித்தாளில் ஸ்கோப்பைச் சோதிக்கவும். மில் (தூரத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக் குமிழில் 5 மில் ஏற்றினால் 100 மீற்றரில் குறி சரியாக 50 சென்ரிமீற்றர் உயர வேண்டும். எம்ஓஏ (பாகையின் அறுபதில் ஒரு பங்கு) குமிழில் 20 அலகுக்கு 58 சென்ரிமீற்றர். திரும்ப இறக்கியதும் தொடங்கிய இடத்துக்கே வர வேண்டும். வராவிட்டால் இப்போதுதான் ஸ்கோப்பைக் குறை சொல்ல உரிமை கிடைக்கிறது.

அறிகுறி: உள்ளே ஏதோ கலகலக்கிறது, கம்பி சரிந்துவிட்டது, உட்பக்கம் பனிக்கிறது

வெளி வில்லையில் படரும் பனி இங்கே சொல்வதல்ல. குளிரிலிருந்து சூடான அறைக்கு வந்தால் மூக்குக்கண்ணாடிக்கும் அது நேரும். துடைத்தாலும் போகாமல் உள்ளே மூடியிருக்கும் பனி, முத்திரை விட்டு நைதரசன் வெளியேறியதற்கு அடையாளம். தாங்கியில் தளர்ந்த வில்லை, அசைத்தால் கேட்கும் சத்தம், தூக்குக்குண்டு நூலுக்குச் சரிந்து நிற்கும் கம்பி ஆகியவையும் வீட்டில் திருத்தக் கூடியவை அல்ல. வில் காற்றுத் துவக்கிலோ குழல்வாய்த் தணிப்பான் பூட்டிய துவக்கிலோ பயன்படுத்திய ஸ்கோப்பாயின் இது வியப்புமில்லை: அவற்றில் பின்னே ஓர் உதையும் தொடர்ந்து முன்னே ஒரு பறிப்பும் வரும், பின்னுதைப்பை மட்டும் எண்ணிப் பிணைத்த வில்லைகள் அந்த இரண்டாம் பறிப்பில் தளரும்.

திறக்க வேண்டாம். வளையங்களைக் கழற்றி, ஸ்கோப்பை மட்டும் தயாரிப்பாளருக்கு அனுப்பவும். எந்தக் கலிபர், எந்த முறுக்கத்தில் பொருத்தப்பட்டது, எத்தனையாவது சூட்டில் தொடங்கியது என்று ஒரு தாளில் எழுதி, குமிழ்ச் சோதனையின் குறித்தாளையும் மடித்து உள்ளே வைக்கவும். அந்தத் தாள் இல்லாமல் போன ஸ்கோப்புகள் “பிழை எதுவும் காணப்படவில்லை” என்ற குறிப்போடு திரும்பி வருவது அதிகம்.